பதினேழாவது ரேங்க்

தேவசேனா கோபக்காரி என்பது ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பாலசமுத்திரத்தில் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காரணம் இல்லாமல் கோபப்பட்டாள் என்று அவளுக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னது கிடையாது. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில், சீசன் மூன்று மாதமும் தோதாபுரிப் பழத்தைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. அழுகல் பழம் ஒன்று நல்லதோடு கலந்தால் கத்துவாள். நல்ல பழம் ஒன்று அழுகலோடு போனால் இன்னும் பெரிதாகக் கத்துவாள். சூப்பர்வைசரே அவள் மேஜைப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

இந்த மகராசியின் ஒரே மகள் ரூபா, பத்தாவது முடித்த கையோடு திருப்பதி சுவர்ணமுகி அறிவியல் விடுதிப் பள்ளிக்குப் பரீட்சை எழுதினாள். அங்கே மொத்தமே அறுபது சீட்டு. இரண்டு வருஷம் தங்க இடம், சாப்பாடு, லேப், வாத்தியார் எல்லாம் அங்கேயே; ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு ஸ்காலர்ஷிப்பில் போய்விடும். நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் எழுதினார்கள். ரூபாவுக்குப் பதினேழாவது ரேங்க்! செய்தி வந்த அன்று தேவசேனா ஃபேக்டரியில் இருந்தாள். போனை வைத்துவிட்டு, கையில் இருந்த பழத்தை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். அவளை அந்த மேஜையில் அப்படி யாரும் பார்த்ததில்லை.

அப்பன் ரங்கனோ அன்றைக்கே வேறு வேலையில் இறங்கிவிட்டான். ஜாதிச் சான்றிதழ். அவன் சின்ன வயதில் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் சீட்டு வந்து, சான்றிதழ் வாங்கப் போனவன் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில், சீட்டு வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. அதிலிருந்து அந்தக் காகிதம் இல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்காது என்பது ரங்கனின் தீர்மானம். கிராமச் சச்சிவாலயத்துக்கு நாலு நடை, தாசில்தார் மாதிரியான எம்ஆர்ஓ ஆபீசுக்கு மூன்று நடை நடந்து, புது சான்றிதழ் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். மார்க் ஷீட் நாலாவது. ரேங்க் கார்டு ஐந்தாவது.

"ரேங்க் கார்ட மேல வையிய்யா," என்றாள் தேவசேனா.

"ரேங்கு எல்லார்கிட்டயும் கீது. இது நம்மகிட்டதான் கீது," என்றான் ரங்கன்.

சரி, ஆம்பிளை ஆசையாகச் செய்கிறான், போகட்டும் என்று விட்டாள். அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

கவுன்சிலிங் அன்று முதல் பஸ் பிடித்து, சித்தூரில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் திருப்பதியில் பள்ளி வாசலில் நின்றார்கள். உள்ளே பெரிய ஹால். சுவரில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஒரு நோட்டீஸ். அறுபதில் முப்பது சீட்டு ஓப்பன், எஸ்சிக்கு ஒன்பது, மிச்சம் மற்ற பிரிவுகளுக்கு. மத்தியானம் இறுதிப் பட்டியல் வாசிக்கிறவரை கொடுக்கிற டோக்கன் எதுவும் முடிவானது இல்லை என்றும் போட்டிருந்தது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? ஃபைலைக் கொடுத்து டோக்கன் வாங்கத்தான் எல்லோரும் முண்டியடித்தார்கள்.

ஃபைல் வாங்குகிற மேஜையில் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர். கூட்டத்தில் அவருக்கு நிமிரக்கூட நேரம் இல்லை. ரங்கனின் ஃபைலைத் திறந்தார், மேலே இருந்த சான்றிதழைப் பார்த்தார், சிவப்புப் பேனாவால் 'எஸ்சி' என்று எழுதினார். ஒரு தாளை நீட்டி, "சந்தகம் பெட்டு," என்றார். ரங்கன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அதற்கு மேல் அவர் ஒரு தாளையும் புரட்டவில்லை. பிரிவுக்குள் ரேங்க் வரிசைப்படி கம்ப்யூட்டர் போட்டுத் தந்த டோக்கனில் 'எஸ்சி 1' என்று இருந்தது.

"மொத நெம்பரு! பாத்தியாமே, மொத நெம்பரு!" ரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. தேவசேனாவுக்கும் சந்தோஷம்தான். மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். ரூபா வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் திருப்பதி டவுன் அம்மாள் ஒருத்தி, லாஸ்யா என்கிற மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கையில் 'ஓப்பன் 30' என்று கடைசி டோக்கன். முகத்தில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது. "எங்க பொண்ணுக்கு ரேங்க் முப்பத்தொண்ணு, தெய்வாதீனமா கெடைச்சுது," என்று தெலுங்கில் சொன்னவள், ரங்கன் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்னம்மா, கோட்டா இருக்கு. மார்க் எப்படி வந்தாலும் சீட்டு வந்துடும்," என்றாள். கெட்ட மனசோடு சொன்ன மாதிரி இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். தேவசேனாவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. நல்ல நாளில் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு எதிர் வரிசைக்கு எழுந்து போனாள்.

எஸ்சி டோக்கன்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை அது. ஓரத்தில் குப்பம் டவுனிலிருந்து வந்த சிட்டிபாபுவும் அவன் மகள் சந்திரகலாவும். கிரானைட் பாலிஷ் போடுகிற யூனிட்டில் வேலை செய்கிறவன். கழுவிக் கழுவிப் பார்த்தும் போகாத வெள்ளைத் தூசி நகக்கண்ணில் இருந்தது. அவன் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தான்.

"இன்னாண்ணா எண்றீங்க?" என்றாள் தேவசேனா.

"எங்க நெம்பரு பத்து அக்கா. சீட்டு ஒம்போது. யாராச்சும் ஒருத்தரு வராம போனா எம்பொண்ணுக்குக் கெடைக்கும். வராம போவாங்களா அக்கா?"

எல்லோரும் வந்திருந்தார்கள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. சந்திரகலா தரையைப் பார்த்தபடி இருந்தாள். "சீட்டு இல்லன்னா எங்க ஊர்ல இதும்மேல படிக்க அனுப்ப மாட்டாங்க. இவ அத்த மாப்பிள்ள பாத்துக்கினு கீது," என்று சிட்டிபாபு மெதுவாகச் சொன்னான். "எம்பொண்ணுக்கு ரேங்கு நூத்திப் பன்னெண்டு. உங்க பொண்ணுக்கு?"

"பதினேழு."

"பதினேழா!" அவன் விரல் அப்படியே நின்றது. "அப்போ ஏன் அக்கா இந்தப் பக்கம் ஒக்காந்துக்கிறீங்க?"

வெள்ளந்தியாகக் கேட்டான். வேறு எவளாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தேவசேனாவுக்குப் போன வருஷத்து ஃபேக்டரி கேட் கண்முன்னே வந்தது.

போன வருஷம் விளைச்சல் கொள்ளை, விலை இல்லை. கேட்டுக்கு வெளியே இரண்டு மைலுக்கு டிராக்டர் நின்றது. ஒரு நாளைக்கு நூறு டோக்கன். எண்பது முதலில் வந்தவர்களுக்கு, இருபது சின்ன விவசாயிகளுக்கு என்று ஒதுக்கியது. ரங்கன் தன் ஒன்றரை ஏக்கர் தோப்புப் பழத்தோடு முதல் நாள் சாயங்காலமே போய் நின்று, பொது வரிசையில் முப்பத்து நாலாவது ஆளாக இருந்தான். டோக்கன் எழுதுகிறவன் நிலப் பாஸ்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சின்ன ரைத்துதானே" என்று அந்த இருபதில் எழுதிவிட்டான். உதவி செய்கிறானாம்! எண்பதில் ஒரு இடம் காலியாகிப் பெரிய தோட்டக்காரன் ஒருவனுக்குப் போனது. இருபதில் ஒரு இடம் குறைந்தது. கடைசியாக நின்ற பொன்னியம்மாளின் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளில் அவள் பழம் முழுக்க ரோட்டோரத்தில் கொட்டிக் கிடந்தது. தேவசேனா அந்த டோக்கன்காரனைக் கிழி கிழி என்று கிழித்தாள். ஆனாலும் பொன்னியம்மாளின் பழம் போனது போனதுதான்.

அவள் எழுந்து, வரிசையின் மறுமுனையில் ரூபாவோடு இருந்த ரங்கனிடம் போனாள்.

"யோவ், நம்ம பொண்ண அந்த இருவதுல எழுதிட்டாங்கய்யா."

ரங்கனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது. "இன்னாமே சொல்ற? சீட்டு கைல கீதுல்ல? எந்த லிஸ்டுல வந்தா இன்னா?"

"இவ ரேங்குக்கு முப்பதுல இடம் கீது. அங்க ஒக்காந்தா, இங்க ஒம்போதும் ஒம்போதாவே இருக்கும். குப்பத்துப் பொண்ணு உள்ள வரும்."

"ஊர்ப் பொண்ணுக்காக நம்ம பொண்ணு டோக்கன திருப்பிக் குடுப்பியா? அப்பால அதுவும் இல்ல இதுவும் இல்லன்னா இன்னா பண்ணுவ? ரெண்டு நாள் லேட்டாப் போய் இருவத்தஞ்சு வருஷமா நான் பட்டுக்கினு கீறேன். வாணாம்மே. உனுக்குக் கோடிப் புண்ணியம், உட்ரு."

தேவசேனாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் சொல்வதில் ஒன்றும் பொய் இல்லை. மகளைப் பார்த்தாள்.

ரூபா ஏற்கனவே போனில் ரேங்க் பட்டியலைத் திறந்து எண்ணி முடித்திருந்தாள். "நைனா, நான் பதினேழுதானே?" என்றாள். "ராப்பகலாப் படிச்சது அந்தப் பதினேழுக்குத்தானே? அதுல ஏன் என்னிய உக்கார வைக்கல?" பிறகு எதிர் வரிசையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நான் அங்க போனா லாஸ்யாவுக்கு டோக்கன் போயிடும்மா. என் எடம் காலியானதாலதான் முப்பதாவது எடம் அவளுக்கு வந்துகீது."

தேவசேனா அதை யோசித்திருக்கவில்லை. எதிரே அந்தப் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தேவசேனாவும் பிள்ளை பெற்றவள்தானே.

"பாவம்தான்," என்றாள். "ஆனா அது உன் எடம்டி. நீ எழுதி வாங்குனது. இன்னா சொல்ற, போலாமா?"

"போலாம்."

குமாஸ்தாவின் மேஜைக்கு மூவரும் போனார்கள். அவர் கேட்டுவிட்டு அலுத்துக்கொண்டார். "எந்த லிஸ்ட்ல வந்தா என்னம்மா? உள்ளே போனால் எல்லாருக்கும் ஒரே லேப்தானே?"

"ஒரே லேப்தான். அப்போ ரேங்கு எதுக்கு சார் போட்டீங்க?"

"ஓப்பனில் போனால் ஸ்காலர்ஷிப் வராது. ஹாஸ்டலுக்குப் பணம் கட்டுவீங்களா? உன் வீட்டுக்காரர் எஸ்சி சீட்டுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கார், பாரு."

"எங்க ஆளு எங்க போடச் சொன்னாலும் போடுவாரு. நீங்க ரேங்க் கார்ட பாத்துட்டு நீட்டுனீங்களா, பாக்காம நீட்டுனீங்களா? அத்த மொதல்ல சொல்லுங்க."

பழமேஜைக் குரல் அது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உள்ளறைக் கதவு திறந்து கன்வீனர் ஜமீலா மேடம் வெளியே வந்தார். வேலூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். யார் மேலும் கோபப்படாமல் ஃபைலை வாங்கி, ஐந்தாவது தாளுக்குப் புரட்டினார். ரேங்க் கார்டைப் பார்த்தவர் குமாஸ்தாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்க சொல்றது சரிம்மா," என்றார் மேடம். "ஓப்பன்னா யாருக்கும் எழுதி வச்சது இல்லை. ரேங்க் வரிசையில் முதல் முப்பது பேர், அவங்க யாரா இருந்தாலும். அதை நிரப்பினதுக்கு அப்புறம்தான் மத்த லிஸ்ட். ஸ்காலர்ஷிப்பும் போகாது, அது வருமானம் பார்த்துக் கொடுக்கிறது. ஆனா கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு. அது வேண்டாம்னு பொண்ணு எழுதிக் கொடுக்கணும். மூணு பேர் கமிட்டி பார்த்து முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் இந்த டோக்கன் ரத்து."

"கமிட்டி ஒத்துக்கலன்னா மேடம்?" என்றான் ரங்கன்.

"விதி உங்க பக்கம். நான் பேசுவேன். ஆனா மூணு பேர்ல நான் ஒருத்திதான்."

ரங்கன் டோக்கனைப் பிடித்திருந்த கை இறுகியது. ரூபாதான் மெதுவாக அவன் விரலைப் பிரித்து அதை வாங்கினாள். மேஜையில் வைத்தாள். வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு, நின்றபடியே தெலுங்கில் இரண்டே வரி எழுதினாள். 'என் ரேங்க் பதினேழு. என்னை என் ரேங்கில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கீழே பெயர், ஊர், தேதி. மேடம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். தேவசேனா எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, "ரெண்டு வாய் துன்னுய்யா," என்றாள்.

"நீயே துன்னு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கும் இறங்கவில்லை. வாய் வீரம் பேசிவிட்டோமே, பிள்ளையின் வாழ்க்கையை வைத்து ஆடிவிட்டோமே என்று நினைத்தபடி பொட்டலத்தைத் திரும்பக் கட்டினாள். இந்தச் சீட்டு கிடைக்காமல் போனால் ரங்கன் ஒரு வார்த்தை திட்ட மாட்டான். அவன் திட்டாமல் இருப்பதை எப்படித் தாங்குவது? சாமி, பெரியவனே, மலைமேல் இருக்கிறவனே, இந்த ஒரு தடவை என்று மனசுக்குள் கும்பிட்டாள். ரூபா பக்கத்தில் உட்கார்ந்த சந்திரகலாவிடம் ஏதோ கணக்கைப் பற்றி அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சு கல்லா இரும்பா என்று தெரியவில்லை.

மைக் கரகரத்தது. ஜமீலா மேடம் பட்டியலோடு நின்றார். "டோக்கன் கொடுத்ததில் ஒரு தவறு நடந்துவிட்டது. தவறு எங்களுடையது. வருந்துகிறோம். இப்போது வாசிப்பதுதான் இறுதிப் பட்டியல். முதலில் ஓப்பன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்கள் வந்தன. கடப்பை, நெல்லூர், திருப்பதி, மறுபடி திருப்பதி. தேவசேனா மகள் கையைப் பிடித்தாள். பதினைந்து. பதினாறு.

"பதினேழு. ரூபா. பாலசமுத்திரம்."

எழுந்து நின்றது ரூபா இல்லை, ரங்கன். ஹாஜர் சொல்வதுபோல, "ஆமா, ஆமா, பாலசமுத்திரம்!" என்று கையைத் தூக்கிக் கத்தினான். கூட்டம் சிரித்தது. பிறகு யாரோ கை தட்ட, ஹாலே தட்டியது. அவன் சட்டென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ரூபா தலை நிமிர்ந்து நடந்து ஓப்பன் மேஜைக்குப் போனாள். தேவசேனாவுக்கு அந்த நடையைப் பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. என் வயிற்றில் பிறந்தது என்று கூவ வேண்டும்போல இருந்தது. கூவியிருப்பாள், மைக்கில் அடுத்த பெயர் வந்துவிட்டது.

எஸ்சி பட்டியலில் ஒன்பதாவது பெயர் சந்திரகலா, குப்பம். சிட்டிபாபுவுக்குக் காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. அவன் விரலை மடக்கியபடியே இருந்தான். "எண்ணினது போதும்ணா, எழுந்திரு, பொண்ணு பின்னாடி போ," என்று தேவசேனா அதட்டினாள். அவன் எழுந்தவன், போகாமல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவள் முன்னால் நின்றான். "இன்னாத்துக்கு எனக்குக் கும்புடு? அது உம்பொண்ணு எடம். போண்ணா, போ," என்று துரத்தினாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டதை அவன் பார்க்கக் கூடாதே!

லாஸ்யாவின் அம்மா வந்தாள். முகம் சிவந்து, உதடு துடித்தது. "எங்க பொண்ணு முப்பத்தொண்ணு. நூத்திப் பன்னெண்டுக்கு சீட்டு, எங்களுக்கு இல்லை. அந்தக் குப்பம் பொண்ணு எங்க சீட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இதெல்லாம் ஒரு நியாயமா?"

தேவசேனாவுக்கு அந்தத் தாயின் வலி தெரிந்தது. அதற்காகப் பொய்யை விட முடியுமா?

"அந்தப் பொண்ணு மேல போடாதீங்கம்மா," என்றாள் தெலுங்கில், ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ எங்களுக்குன்னு வச்ச ஒம்போதுல உட்கார்ந்திருக்கா. உங்க பொண்ணுக்கு முன்னால ரேங்க் வாங்கின முப்பது பேர் இருக்காங்க. அதுல ஒருத்தி என் பொண்ணு. சீட்டை எடுத்தது யாருன்னு நாலு பேர் கேட்டா எங்க பேரைச் சொல்லுங்க. ரூபா, பதினேழாவது ரேங்க். கோட்டா இல்லை."

அந்த அம்மாள் சுவர் நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த லாஸ்யாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வந்த ரூபா லாஸ்யாவைப் பார்த்து நின்றாள். தேவசேனாவே ஆரம்பித்தாள்.

"இந்தாம்மா, வெயிட்டிங்ல முதல் நம்பர் நீதான். யாராவது ஒரு பிள்ளை இன்ஜினியரிங் கோச்சிங்னு விஜயவாடாவுக்கு ஓடும், பார்த்துக்கிட்டே இரு. உடனே வந்து இவ பக்கத்துல உட்காரு."

லாஸ்யா ரூபாவை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"வந்தா இவளை முந்துவேன், ஆன்ட்டி."

"முந்து, பார்க்கலாம்," என்றாள் தேவசேனா.